21 நாள் கெடு

நாளிதழின் உள்பக்கத்தில், ஏல அறிவிப்புக்கும் பெயர் மாற்ற விளம்பரத்துக்கும் நடுவே சில நாட்களில் ஒரு சின்னக் கட்டம் வரும். பொடி எழுத்து. கிராமத்தின் பெயர், சர்வே எண், பரப்பளவு. இந்த நிலத்தை ‘ஆதாரக் குடியிருப்பு’ வகையிலிருந்து ‘வணிக’ வகைக்கு மாற்ற உத்தேசித்திருக்கிறோம், ஆட்சேபம் உள்ளவர்கள் 21 நாட்களுக்குள் எழுதித் தரலாம் என்று இரண்டு வரி. கீழே சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் உறுப்பினர் செயலர். அவ்வளவுதான். தன் வீட்டுக்கு எதிர்வீடு எந்த சர்வே எண்ணில் இருக்கிறது என்று வட சென்னையின் தண்டையார்பேட்டையில் எத்தனை பேருக்குத் தெரியும்? பத்திரத்தை எடுத்துப் பார்த்தாலும் பழைய சர்வே எண், புதிய சர்வே எண், பிளாக் எண், பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று வரிசை கட்டி நிற்கும்.

அந்த 21 நாளும் போய்விட்டால் கோப்பு தொழில்நுட்பக் குழுவுக்கும் அங்கிருந்து குழுமக் கூட்டத்துக்கும் நகரும். ‘ஆட்சேபம் ஏதும் வரவில்லை’ என்பது கோப்பில் ஒரு வரியாக ஏறும். கடைசியில் அரசிதழில் அறிவிக்கை. பிறகு அந்த மனையில் நாலு மாடி அலுவலகம் எழும்பினால் அதை விதிமீறல் என்று யாரும் சொல்ல முடியாது. விதியையே மாற்றியாகிவிட்டது. தெருவை மறித்து டிரெய்லர் நிற்கிறது, கழிவுநீர் பின்வாங்கி வீட்டுக்குள் வருகிறது என்று அப்போது கூடிக் கத்தினால், வருகிற அதிகாரி அரசிதழைத்தான் காட்டுவார்.

இதற்கெல்லாம் மூலம் 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். நகரம் முழுவதற்கும் ஒரு முழுமைத் திட்டம் போட்டு, ஒவ்வொரு மனையும் எதற்கு என்று அந்தச் சட்டத்தின்கீழ்தான் வகுக்கிறார்கள். சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 1970களின் நடுவில் வந்தது. இரண்டாவது திட்டம் 2008 செப்டம்பரில் வெளியானது. அது 2026 வரைக்குமானது. வீட்டுக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா, பூங்காவுக்குப் பச்சை என்று வரைபடத்தில் நிறம் பூசுவது இத்துறையின் வழக்கம். ஒரு மனையின் நிறத்தை மட்டும் தனியே மாற்றிக்கொள்ள வழி செய்வது சட்டத்தின் 32ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு. உரிமையாளர் மனு போடலாம், கட்டணம் கட்டலாம். அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்கலாம். காகிதத்தில் பார்த்தால் நியாயமான ஏற்பாடுதான்.

ஆனால் இப்படி ஆட்சேபித்து ஜெயித்தவர்களின் கதைகளைத் தேடிப் போனால், அவை பெரும்பாலும் மரம் நிழல் விழும் அகலத் தெருக்களிலிருந்தே கிடைக்கின்றன.

பெங்களூரு ராஜமகால் விலாஸ் விரிவாக்கத்தை எடுத்துக்கொள்வோம். அந்த மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று விட்டிருந்த இடத்தை 1970களில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுக்க முடிவாயிற்று. மாநில முதலமைச்சரின் உத்தரவே அதற்குப் பின்னால் இருந்தது. குடியிருப்போர் நீதிமன்றம் போனார்கள். மருத்துவமனை நல்ல காரியம்தானே, இவர்களுக்கு என்ன நஷ்டம், வழக்குப் போட இவர்கள் யார் என்ற வாதங்கள் எழுந்தன. 1991இல் உச்ச நீதிமன்றம் குடியிருப்போர் பக்கம் நின்றது. பூங்கா அவர்கள் மூச்சுவிடும் இடம். அதைக் காப்பாற்றக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. யார் உத்தரவிட்டாலும் சட்டம் சொன்ன வழியை விட்டு விலகி மாற்ற முடியாது என்றது. நில வகைப்பாடு பற்றிய வழக்குகளில் இன்றைக்கும் வக்கீல்கள் முதலில் எடுத்து வைக்கும் தீர்ப்புகளில் அது ஒன்று.

நொய்டாவில் விவகாரம் நேரடியாக அலுவலகத்தைப் பற்றியது. குடியிருப்பு செக்டர்களில் வீடுகளை வாடகைக்கு எடுத்து வங்கிகளும் நர்சிங் ஹோம்களும் நடந்துகொண்டிருந்தன. 2011 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றை வணிகப் பகுதிக்குப் போகச் சொல்லிவிட்டது. மக்களுக்கு வங்கி அவசியம் என்ற வாதம் எடுபடவில்லை. அவசியம் என்றால் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் நடத்துங்கள் என்பதுதான் பதில்.

டெல்லிக் கதை இவ்வளவு சுத்தமாக முடியவில்லை. 2006இல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் குடியிருப்புப் பகுதிகளில் இருந்த கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சீல் வைக்கத் தொடங்கினார்கள். தெற்கு டெல்லியின் கிரேட்டர் கைலாஷ் போன்ற இடங்களில் வீட்டுச் சொந்தக்காரர்கள் நிம்மதி அடைந்தார்கள். கிழக்கே சீலம்பூரில் அந்த ஆண்டு செப்டம்பரில் வியாபாரிகளின் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அடுத்த ஆண்டே டெல்லியின் புதிய முழுமைத் திட்டம் ஏராளமான தெருக்களைக் கலப்புப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. ஒரே விதி கிரேட்டர் கைலாஷில் வீட்டைக் காத்தது, சீலம்பூரில் அடுப்பை அணைத்தது. தண்டையார்பேட்டையைப் பற்றிப் பேசும்போது என் மனதில் முன்னால் வந்து நிற்பது பெங்களூரு அல்ல, சீலம்பூர்தான்.

ஏனென்றால் தண்டையார்பேட்டையில் வீடும் தொழிலும் என்றைக்கும் பிரிந்திருந்ததில்லை. இளைய முதலி தெருவிலோ சேனியம்மன் கோயில் தெருவிலோ நடந்து பாருங்கள். முன்னறையில் தையல் மிஷின், திண்ணையில் இட்லிக்கடை, பக்கவாட்டில் லேத் பட்டறை, மாடியில் டியூஷன். பக்கச் சுவர்கள் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள். நடுவே ஆள் நுழைய இடமிருக்காது. இங்கே குடியிருப்புப் பகுதியில் வேறெதுவும் கூடாது என்று கறாராகப் பேசுகிறவர் அந்தத் தெருவில் அரிசி வாங்கிச் சமைத்தவராக இருக்க முடியாது. அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதிய புகழ்பெற்ற நகரவியல் புத்தகம் இதைத்தான் கொண்டாடியது: வீடும் கடையும் வேலையும் கலந்த தெருவில்தான் எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருக்கும், அதுவே பாதுகாப்பு என்று. அவர் நியூயார்க்கில் பார்த்ததை தண்டையார்பேட்டைக்காரர்கள் புத்தகம் இல்லாமலே வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் அலுவலகம் வந்தால் மட்டும் என்ன? அளவுதான் பிரச்சினை. முன்னறை வக்கீல் ஆபீஸும் நாலு மாடி அலுவலகமும் ஒன்றல்ல. குடியிருப்பவரே தன் வீட்டில் நடத்தும் சிறு தொழிலுக்கு விதி ஏற்கெனவே இடம் விட்டிருக்கிறது. நிறம் மாற்றக் கேட்பவர் அந்தச் சலுகை போதாதவர். அவருக்கு வேண்டியது முழுக் கட்டடம்.

துறைமுகத்தை ஒட்டிய ஊரில் அலுவலகம் என்றால் ஐ.டி. கம்பெனியின் கண்ணாடிச் சுவர் மட்டும் நினைவுக்கு வரக் கூடாது. சுங்க கிளியரிங் ஏஜென்ட், சரக்கு புக்கிங், கன்டெய்னர் டிரான்ஸ்போர்ட் என்று ராஜாஜி சாலையில் இடம் நெருக்கடியானதும் வடக்கே நகரும் தொழில்கள் இவை. மேஜை நாற்காலி, கம்ப்யூட்டர், நாலு பையன்கள் என்று சாதுவாகத்தான் தொடங்கும். கூடவே டிரைவர்கள் வருவார்கள், பைக்குகள் வரும், ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டிப் பேப்பர் கேட்பவர் வருவார். முனையில் இழுவை வண்டி நிற்கும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையை டி.எச். ரோடு என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இதெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

வீட்டுச் சொந்தக்காரரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அரை கிரவுண்டில் தாத்தா கட்டிய வீடு, இப்போது மூன்று பங்காளிகள். மாதம் இரண்டு போர்ஷன் வாடகையில் யாருக்கும் வயிறு நிறையாது. அலுவலகத்துக்கு விட்டால் அட்வான்ஸும் வாடகையும் பல மடங்கு. குழாயடிச் சண்டையும் கிடையாது. மின் இணைப்பு வீட்டுக்கான எல்.டி. 1ஏவிலிருந்து வணிகத்துக்கான எல்.டி. 5க்கு மாறும், 100 யூனிட் இலவசம் போகும், சொத்து வரி ஏறும். அதையெல்லாம் வாடகைக்கு வருகிறவர் தலையில் கட்டிவிடலாம். இதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெற்கே அடையாறிலும் அண்ணா நகரிலும் இதே கணக்கைப் போட்டு முன்னேறியவர்களை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

வேலைவாய்ப்பு வாதமும் உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. டைடல் பார்க் 2000இல் தரமணியில் திறந்தது. அதற்குப் பின் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக அலுவலகங்கள் முளைத்தன. 2024இல் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா வந்தது. தண்டையார்பேட்டைப் பட்டதாரிப் பெண் வேலைக்காக நகரத்தைக் குறுக்கே வெட்டித் தெற்கே போக வேண்டியிருக்கிறது. 2021 பிப்ரவரி 14 முதல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. 2024 மார்ச்சில் முதலமைச்சர் வட சென்னை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஆயிரம் கோடியில் அறிவித்த திட்டம் பிறகு பல ஆயிரம் கோடியாக வளர்ந்தது. ரயிலும் பணமும் வரும் இடத்துக்கு அலுவலகமும் வரும். வரவே கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. எங்கே, எவ்வளவு பெரிதாக, யாரைக் கேட்டு என்ற மூன்றையும் கேட்க அந்தத் தெருவுக்கு உரிமை உண்டு.

இந்த உரிமையை முன்பு கேட்காததால் வந்த வினையைத் தண்டையார்பேட்டை நன்றாக அறியும். இங்கே ஒரு பேருந்து நிலையத்துக்கே ஐ.ஓ.சி. என்று பெயர். பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம், இந்தியன் ஆயில் மூன்றின் கிடங்குகளும் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் குடியிருப்புகளை உரசிக்கொண்டு இருக்கின்றன. 1969இல் மணலியில் சுத்திகரிப்பு ஆலை உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து துறைமுகத்துக்கும் மணலிக்கும் நடுவே கச்சா எண்ணெய் இந்தத் தெருக்களுக்கு அடியில்தான் ஓடியது. வரைபடத்தில் மஞ்சளும் ஊதாவும் கோடு போட்டுப் பிரிந்திருக்கும். மண்ணுக்கடியில் அந்தக் கோடு கிடையாது.

2013இல் டி.எச். ரோட்டை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் பெட்ரோல் வாடை அடித்தது. வாளியில் எண்ணெய் மிதந்தது. துறைமுகத்திலிருந்து கிடங்குக்குப் போகும் பாரத் பெட்ரோலியத்தின் குழாயில் கசிவு. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனது. மண்ணில் இறங்கிய எண்ணெயை உறிஞ்சி எடுக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பிறகு மணலி ஆலைக்குப் பழைய 30 அங்குலக் குழாய்க்குப் பதில் 42 அங்குலக் குழாய் போடும் திட்டம் வந்தபோது ஆர்.கே. நகர், தண்டையார்பேட்டை மக்கள் சாலையில் இறங்கினார்கள் என்றால், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. போர் தண்ணீரை முகர்ந்து பார்த்தவர்கள் அவர்கள்.

2023 டிசம்பர் 26 பின்னிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் இருட்டில் ஓடினார்கள். மறுநாள், 27ஆம் தேதி, தண்டையார்பேட்டை இந்தியன் ஆயில் வளாகத்தில் ஒரு தொட்டி வெடித்துத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் பரவியிருந்தது. ஒரே மாதத்தில் இவ்வளவு. நாட்டின் தொழிற்பேட்டைகளை மாசுக் குறியீட்டில் அளந்தபோது 2009இல் மணலிக்குக் கிடைத்த மதிப்பெண் 76.32, 70ஐத் தாண்டினாலே ‘மிக மோசம்’ என்ற பட்டியலில் சேர்ப்பார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தை எதிர்ப்பது சில்லறை விஷயமாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. எண்ணெய்த் தொட்டியோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு ஆபீஸ் கட்டடம் ஒரு பொருட்டா? ஆனால் குழாய்களும் தொட்டிகளும் இங்கே வந்தபோது யாரும் 21 நாள் கொடுத்ததில்லை. இப்போது சட்டம் கொடுக்கிறது. இந்தச் சின்ன விஷயத்தில் ஆட்சேபம் எழுதப் பழகாத தெரு, பெரிய விஷயத்தில் திடீரென்று எழுதிவிடாது.

வரைபடத்தை யார் கவனிக்கிறார்கள் என்பது வட சென்னையில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு எண்ணூர் கழிமுகமே சாட்சி. மத்திய அரசு 1996இல் ஒப்புதல் கொடுத்த கடலோர வரைபடத்தில் கழிமுகம் கட்டுமானத்துக்குத் தடை உள்ள பகுதி. 2017இல் நித்யானந்த் ஜெயராமன் உள்ளிட்ட சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது கைக்கு வந்த வரைபடத்தில் அந்தக் கழிமுகமே இல்லை. ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது, காகிதத்தில் காணோம். மீனவக் கிராமத்தார் கண்ணெதிரே இருப்பதை, அலுவலகத்தில் இல்லை என்று எழுதி வைத்திருந்தார்கள். அதைக் கண்டுபிடித்தது எந்த அதிகாரியும் அல்ல.

மக்கள் திரண்டால் இங்கே சத்தம் பலமாகவே கேட்கும். கொடுங்கையூர் குப்பைமேட்டில் எரிஉலை வேண்டாமென்று வட சென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் 2025இல் மனிதச் சங்கிலியாக நின்றன. ஆனால் குப்பையை எரித்தால் புகை எல்லோர் மூக்கிலும் ஏறும். சர்வே எண் மாற்றத்துக்கு வாடை கிடையாது.

அதைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. பெங்களூரிலும் நொய்டாவிலும் ஆட்சேபித்தவர்கள் சொந்த வீட்டுக்காரர்கள். தண்டையார்பேட்டைத் தெருவில் பாதிக்கு மேல் வாடகைக் குடித்தனங்கள் இருக்கும். அரசு வாரிய அடுக்ககங்களில் ஒதுக்கீட்டுச் சீட்டு இருக்கும், கிரயப் பத்திரம் இருக்காது. புறம்போக்கில் மூன்று தலைமுறையாக இருப்பவர்கள் உண்டு. ஆட்சேபிக்க வீடு சொந்தமாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, யாரும் எழுதலாம். ஆனால் எதிர்வீட்டுக்காரர் மனுவை ஆட்சேபித்து வாடகைக்காரர் கையெழுத்துப் போட்டால், நாளைக்குத் தன் வீட்டுக்காரரும் அதே மனுவைப் போடப்போகிறவர் என்பது அவருக்குத் தெரியும். பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் எவ்வளவு தூரம் வாய் திறப்பார்? வீடு அலுவலகமானால் முதலில் தெருவை விட்டுப் போக வேண்டியவரும் அவரே. பள்ளி மாறும், ரேஷன் கடை மாறும், காசிமேட்டில் அதிகாலை மீன் ஏலத்துக்குப் போகிற அம்மாவுக்குத் தூரம் கூடும். நில வகைப்பாடு மாற்றத்தின் கோப்பில் இவருக்கு ஒரு வரியும் இல்லை. குடியிருப்பு நிலத்தை மாற்றும்போது எத்தனை வாடகைக் குடும்பங்கள் வெளியேறும் என்று மனுதாரர் எழுதித் தர வேண்டும் என்ற ஒரே ஒரு நிபந்தனை வந்தாலும் கோப்பின் முகம் மாறிவிடும்.

தமிழ்நாட்டுக்கே உரிய இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நிறம் மாற்றுவதற்கெல்லாம் காத்திருக்காமல் முதலில் கட்டிவிடுவது. சட்டத்தின் 113ஆம் பிரிவு அரசுக்கு விலக்கு கொடுக்கும் அதிகாரத்தை வைத்திருக்கிறது. அந்த விலக்குகளை எதிர்த்துச் சென்னையின் நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் போட்ட வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், அதிகாரம் செல்லும், அதைப் பயன்படுத்திய விதம் சரியில்லை என்று கடுமையாகவே சொன்னது. அதற்கு முன்பே 113ஏ என்று ஒரு பிரிவு வந்து, 1999 பிப்ரவரி 28க்கு முன் கட்டிய விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த வழி செய்தது. ஒரே ஒரு முறைதான் என்ற பேரில் அதை நீதிமன்றம் ஏற்றது. அந்த ஒரு முறை மறுபடி மறுபடி நீண்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் நீட்டிப்புகளை ரத்து செய்தது. 2007இல் அவசரச் சட்டம். 2012இல் 113சி, இந்த முறை கெடு 2007 ஜூலை 1. தியாகராய நகரின் பல மாடிக் கடைகளுக்காக நடந்த இந்த இழுபறியில் சாதாரண ஜனங்கள் படித்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: கட்டிவிட்டால் இடிக்க மாட்டார்கள்.

தண்டையார்பேட்டையில் அந்தப் பாடம் இன்னும் சுலபம். ஒட்டுச் சுவர் வீடுகளில் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது. குடியிருப்புக்கு பிளான் அப்ரூவல் வாங்கி, முதல் நாளிலிருந்தே அலுவலகத்துக்கு விடலாம். வரி விதிப்பும் மின் இணைப்பும் வணிகமாக மாறிய பிறகும் திட்ட அனுமதி குடியிருப்பாகவே இருக்கும். மாநகராட்சி, மின் வாரியம், குழுமம் மூன்றும் ஒரே கட்டடத்தை மூன்று கணக்கில் வைத்திருக்கும். மூன்றையும் ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், எந்தத் தெரு எப்போது மாறியது என்ற வரலாறே கிடைத்துவிடும். செய்வதற்குத்தான் ஆளில்லை.

ஆட்சேபத்தை அனுப்ப வேண்டிய இடம் எழும்பூரில் உள்ள தாளமுத்து நடராசன் மாளிகை. 1939இல் இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு உயிர்விட்ட இரண்டு இளைஞர்களின் பெயர் அது. இருவரும் அடக்கமானது வட சென்னை மூலகொத்தளம் இடுகாட்டில். 2018 வாக்கில் அந்த இடுகாட்டு நிலத்தில் குடிசை மாற்று வாரியம் அடுக்குமாடி வீடுகள் கட்ட முனைந்தபோது, மொழிப்போர் ஈகியரின் நினைவிடம் என்ன ஆகும் என்று கேட்டு எதிர்ப்பு கிளம்பியது. வீடில்லாதவருக்கு வீடா, இறந்தவருக்கு இடமா என்று கேள்வி கோணலாகத் திரிந்ததுதான் மிச்சம். நகரத்தில் வேறு நிலமே இல்லாதது போல, ஏழைக்கு வீடு கட்ட இடுகாட்டைத் தேடிய கை எது என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

ஆட்சேபக் கடிதம் எழுதுவதில் ஒரு நுட்பம் உண்டு. ‘எங்கள் தெருவின் அமைதி கெடும்’ என்று எழுதினால் அது கருத்து. கோப்பில் ஓரமாகக் கிடக்கும். தெரு எத்தனை அடி அகலம், தீயணைப்பு வண்டி திரும்புமா, குடிநீர்க் குழாய் எவ்வளவு பழையது, கழிவுநீர் கடந்த மழையில் எத்தனை முறை பின்வாங்கியது, சுற்றுமுற்றும் எத்தனை மனைகள் இன்னும் குடியிருப்பாகவே இருக்கின்றன, எண்ணெய்க் கிடங்கின் மதில் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று எழுதினால் தொழில்நுட்பக் குழு பதில் எழுதியாக வேண்டும். பின்னாளில் வழக்கு என்று வந்தால் நீதிபதி கேட்பதும் இதைத்தான்: ஆட்சேபத்துக்குக் காரணத்தோடு பதில் சொன்னீர்களா? பெங்களூரு பூங்கா வழக்கில் அரசுத் தரப்பு சறுக்கியதும் முடிவு எடுத்த விதத்தில்தான். ஒரு தெருவில் பத்துப் பேர் சேர்ந்து, அதில் நாலு பேர் வாடகைக்காரர்களாக இருந்து, அளந்து எழுதிய ஒரு பக்கம், நூறு பேர் கோஷம் போட்டதைவிடக் கோப்புக்குள் கனமாக இறங்கும். குழுமமும் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்யலாம். நாளிதழ்க் கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், சம்பந்தப்பட்ட மனையின் சுவரிலேயே தெருப் பெயர், கதவு எண்ணோடு பெரிய எழுத்தில் ஒரு பலகை வைக்கச் சொல்லலாம். நியூயார்க், லண்டன் வரை போக வேண்டாம், நம்மூரில் கோயில் திருவிழாவுக்கே பத்து அடிக்கு பேனர் வைக்கிறோம்.

அலுவலகங்கள் வரட்டும் என்பவர்களுக்கும் இடத்துக்குப் பஞ்சமில்லை. மெட்ரோ நிலையங்களை ஒட்டிய நெடுஞ்சாலை முகப்புகள் இருக்கின்றன. மூடிக் கிடக்கும் கிடங்குகள் இருக்கின்றன. பெரம்பூரில் 1996இல் மூடிய பின்னி மில் நிலத்தில் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. தொழிற்சாலை நிலம் நிறம் மாறுவது வட சென்னைக்குப் புதிதல்ல. ஒட்டுச் சுவர் வீடுகளின் நடுவே ஒரு மனையைக் கடித்து எடுப்பதற்கு முன்னால் இவற்றைப் பார்த்தால் என்ன?

இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் முடிகிறது. மூன்றாவது திட்டம் தயாராகிறது. அதன் வரைவு வெளியாகும்போது ஒரு மனைக்கல்ல, ஊர் முழுவதற்கும் நிறம் பூசுவார்கள். ஆட்சேபிக்க அவகாசமும் 21 நாளைவிட நீண்டிருக்கும். எண்ணெய்க் கிடங்குகளைத் தண்டையார்பேட்டையிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்ற கோரிக்கைக்கும் வயது ஆகிறது. என்றைக்காவது அவை போனால் இந்தப் பகுதியில் கைக்குக் கிடைக்கப்போகும் மிகப் பெரிய நிலம் அதுதான். அதை வீடாக வைப்பதா, அலுவலகமாக வைப்பதா, பூங்காவாக வைப்பதா என்பதோடு ஒப்பிட்டால் எதிர்வீட்டு நாலு மாடி ஒன்றுமே இல்லை. வரைவு வந்ததும் நான் முதலில் தேடப்போவது மஞ்சளையோ நீலத்தையோ அல்ல, அந்தத் தொட்டிகள் நிற்கும் நிலத்துக்கு என்ன நிறம் கொடுத்திருக்கிறார்கள் என்பதைத்தான்.